முகாமை மூடாதே!

கேள்வி: அமெரிக்காவில் ஒரு விமானப்படைத் தளத்தை ஒட்டிய சிறு நகரத்தில் என் அண்ணன் குடும்பம் வசிக்கிறது. அங்கே வணிகர் சங்கமும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து குழு அமைத்து, 'நம் தளத்தின் மதிப்பை எல்லோருக்கும் எடுத்துச் சொல்வோம்' என்று கூட்டம் போடுகிறார்கள். அண்ணனும் டி-சர்ட் மாட்டிக்கொண்டு போய்வந்தார். ஜப்பானின் ஒக்கினாவாவில் மக்கள் 'அமெரிக்கப் படைத்தளமே வெளியேறு' என்கிறார்கள். இங்கே 'போகாதே' என்கிறார்கள். அமெரிக்கர்களின் இந்த நாட்டுப்பற்றைப் பாராட்ட வேண்டாமா?

பதில்: நாட்டுப்பற்று இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்த டி-சர்ட்டை மாட்டவைத்தது அது மட்டும்தான் என்றால், பிலிப்பைன்ஸில் இருக்கும் ஒலங்காப்போ நகரத்தை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? சுபிக் விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படைத் தளம் இருந்த ஊர் அது. 1991 செப்டம்பர் 16 அன்று பிலிப்பைன்ஸ் செனட் 12-க்கு 11 என்ற வாக்கில் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. செனட்டுக்கு வெளியே கொண்டாட்டம்; ஒலங்காப்போவில் இழவு வீடு. தளம் தொடர வேண்டும் என்று ஊரைத் திரட்டியவர் அந்நகர மேயர் ரிச்சர்ட் கார்டன். அடுத்த நாட்டுப் படையை 'இரு, போகாதே' என்று கையைப் பிடித்து இழுத்தவர்களுக்கு எந்த நாட்டின் மேல் பற்று? தளம் என்றால் அங்கே சம்பளம். உங்கள் அண்ணன் ஊரிலும் அதுதான். வெளியே சொல்லும் விதம்தான் வேறு.

அந்த விதத்தைத்தான் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு தளத்தை மூடுவது லேசான காரியம் இல்லை. 1977-ல் ஒரு சட்டம் வந்தது: பெரிய தளம் எதையும் மூடுவதற்கு முன் காங்கிரசுக்கு, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு, அறிவிக்க வேண்டும், சுற்றுச்சூழல் ஆய்வும் செய்ய வேண்டும். அவ்வளவுதான், அடுத்த பத்து வருடம் ஒரு பெரிய தளத்தைக்கூட மூட முடியவில்லை. அந்தச் சட்டத்துக்கு முன்னின்றவர்களில் ஒருவர் வில்லியம் கோஹன். மெய்ன் மாநிலத்திலிருந்து வந்த இளம் உறுப்பினர். அவர் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையருகே இருந்த லோரிங் விமானப்படைத் தளத்தைப் பெரும்பாலும் காலி செய்வதாக விமானப்படை 1976-ல் அறிவித்திருந்தது. ஊரார் 'லோரிங்கைக் காப்போம்' என்று குழு அமைத்தார்கள். 1979-ல் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஊர் ஜெயித்தது.

இதே கோஹன் 1997-ல் பாதுகாப்பு அமைச்சரானார். நாற்காலி மாறியதும் பார்வையும் மாறியது. வேண்டாத தளங்கள் பணத்தை விழுங்குகின்றன, இன்னும் இரண்டு சுற்று மூட அனுமதியுங்கள் என்று காங்கிரசிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். காங்கிரஸ் கொடுக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் 1977-ம் வருடத்துக் கோஹன்கள்.

இந்த முட்டுக்கட்டையைச் சமாளிக்கத்தான் 1988-ல் சுயேச்சை ஆணையம் என்ற ஏற்பாடு வந்தது. 1990-ல் அதற்கு முழுச் சட்ட வடிவம் கிடைத்தது. பாதுகாப்பு அமைச்சகமான பென்டகன் ஒரு பட்டியல் தரும். ஆணையம் ஊர் ஊராகப் போய் விசாரித்துத் திருத்தும். திருத்திய பட்டியலை அதிபர் முழுசாக ஏற்கலாம் அல்லது முழுசாகத் தள்ளலாம். காங்கிரஸ் 45 நாளுக்குள் மறுக்காவிட்டால் அதுவே சட்டம். 'என் ஊரை மட்டும் எடுத்துவிடுங்கள்' என்று எந்த உறுப்பினரும் கடைசி நேரத்தில் கைவைக்க முடியாது. 1988, 1991, 1993, 1995, 2005 என்று ஐந்து சுற்று நடந்தது. நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன். தன் ஊர்த் தளத்தை மூட எந்த அரசியல்வாதியும் கையைத் தூக்க மாட்டான். அதனால் யாரும் கையைத் தூக்காமலே மூட ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

உங்கள் அண்ணன் போய்வந்த மாதிரிக் குழுக்கள் இந்த ஏற்பாட்டில் வளர்ந்த பிள்ளைகள். 2005 சுற்றில் ஆணையம் கைக்கொண்ட அளவுகோல் எட்டு. முதல் நான்கும் ராணுவ மதிப்பைப் பற்றியவை, அவற்றுக்குத்தான் முன்னுரிமை. சுற்றுவட்டாரப் பொருளாதாரம் ஆறாவது இடத்தில் இருந்தது. 'தளம் போனால் எங்கள் பிழைப்பு போகும்' என்று ஆணையத்தின் முன் அழுதால் ஆறுதல் கிடைக்கும், மதிப்பெண் கிடைக்காது. ஊர்க்காரர்கள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற ஜெனரல்களை ஆலோசகர்களாக வைத்துக்கொண்டார்கள். பிழைப்புக் கவலையை ஓடுபாதையின் நீளமாக, வான்வெளியின் பரப்பாக, பயிற்சிக்கு ஏற்ற வானிலையாக மொழிபெயர்த்துத் தரும் வேலை அவர்களுக்கு.

எல்ஸ்வொர்த் கதையைப் பாருங்கள். சவுத் டக்கோட்டா மாநிலத்தில் ரேப்பிட் சிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பி-1 குண்டுவீச்சு விமானத் தளம். மாநிலத்திலேயே இரண்டாவது பெரிய வேலை தரும் இடம் என்று அப்போது சொன்னார்கள். 2004 செனட் தேர்தலில் ஜான் தூன், 'அதிபர் புஷ் எனக்கு வேண்டியவர், நான் போனால் எல்ஸ்வொர்த் பிழைக்கும்' என்ற தொனியில் ஓட்டுக் கேட்டு, செனட்டின் பெரிய தலையான டாம் டாஷ்லியைத் தோற்கடித்தார். அடுத்த மே மாதம் பென்டகன் பட்டியல் வந்தது. மூட வேண்டிய தளங்களில் எல்ஸ்வொர்த்தும் இருந்தது. தூனின் முகம் அன்று எப்படி இருந்திருக்கும்!

அப்புறம் ஆணையம் ஊருக்கே விசாரணைக்கு வந்தது. ஊர்த் தரப்பு வேலை போகும் என்று சொன்னது உண்மைதான். ஆனால் எடுபட்ட வாதங்கள் வேறு. எல்லா பி-1 விமானங்களையும் டெக்சாஸில் ஒரே தளத்தில் குவித்தால் ஒரே தாக்குதலில் அத்தனையும் போய்விடாதா என்றார்கள். சேமிப்புக் கணக்கையும் குடைந்தார்கள். தளத்தை மூடினாலும் வீரர்களை வீட்டுக்கு அனுப்பப்போவதில்லை, வேறு தளத்துக்கு மாற்றப்போகிறார்கள்; அதே சம்பளம் அங்கே போகும். இதை எப்படிச் சேமிப்பு என்று எழுதலாம்? பென்டகன் சொன்ன மிச்சம் ஆணையத்தின் கையில் கரைந்துபோயிற்று. ஒன்பது பேரில் எட்டுப் பேர் தளம் இருக்கட்டும் என்றார்கள். இன்று புதிய பி-21 குண்டுவீச்சு விமானத்துக்கு முதல் தளமாகத் தேர்வாகியிருப்பதும் அதே எல்ஸ்வொர்த்.

ஆக, குழு போட்டால் எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பென்டகனின் கணக்குப்பிள்ளையை உள்ளூர்க் கணக்குப்பிள்ளை மடக்கியது அங்கே நடந்தது. 2005 சுற்றின் மொத்தக் கதையும் அப்படித்தான் முடிந்தது. செலவு 2,100 கோடி டாலர் என்றார்கள், 3,500 கோடியைத் தாண்டியது. இருபது வருடச் சேமிப்பு சுமார் 3,600 கோடி என்றார்கள், பிறகு தணிக்கையில் அது 990 கோடிக்கு இறங்கியது. அதற்குப் பிறகு இன்னொரு சுற்றுக்குக் காங்கிரஸ் சம்மதிக்கவே இல்லை. தன் இடவசதியில் 19 சதவீதம் தேவைக்கு மிஞ்சியது என்று பென்டகன் 2017-ல் சொன்னபோதும் அசையவில்லை.

ஆனால் உள்ளூர்க் கணக்குப்பிள்ளை யோக்கியமா? அவருக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும். 'நம் தளத்தால் வட்டாரத்துக்கு ஆண்டுக்கு இத்தனை கோடி' என்ற அட்டையை அண்ணன் கூட்டத்தில் பார்த்திருப்பார். விமானப்படைக்காரரின் சம்பளம் அதில் இருக்கும். அவர் முடிவெட்டிக்கொண்ட சலூன்காரரின் வருமானம் இருக்கும், சலூன்காரர் கொடுத்த வாடகையும் இருக்கும். அந்த வட்டாரத்தில் குடியேறிய ஓய்வுபெற்ற வீரர்களின் பென்ஷனையும் சில கணக்குகளில் சேர்த்துவிடுவார்கள். தளம் மூடினாலும் பென்ஷன் அதே தேதியில் வரும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். வேலிக்குள்ளேயே விற்பனை வரி இல்லாத கடை இருக்கிறது, வீரரின் மனைவி மளிகை அங்கேதான் வாங்குகிறார். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் மத்திய அரசுடையது, சொத்து வரி கிடையாது. அதை நம்பி நடக்கும் பள்ளிகளுக்கு விழும் பள்ளத்தை ஓரளவாவது நிரப்பத்தான் 1950-லிருந்து வாஷிங்டன் தனியாக மானியம் தருகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, தளம் இல்லாவிட்டால் அந்த நிலத்தில் புல்கூட முளைக்காது என்பது அந்த அட்டையின் மறைமுக அனுமானம்.

முளைக்குமா, முளைக்காதா என்பது ஊர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. லோரிங் தளத்தை மறுபடி பட்டியலில் போட்டு 1994-ல் மூடிவிட்டார்கள். அந்தத் தளம் இருந்த லைம்ஸ்டோன் ஊரில் 1990 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 10,000 பேர். 2000-ல் 2,400 பேர்கூட இல்லை. உருளைக்கிழங்கு வயல், பனி, எல்லை. வேறு யார் வருவார்கள்? தெற்கே, நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத்தில் பீஸ் தளத்தை 1991-ல் மூடினார்கள். பாஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம். அங்கே இப்போது வணிக வளாகம், விமான நிலையம், தளம் இருந்த காலத்தைவிட அதிகமாக, பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை. இரண்டு ஊரும் ஒரே மாதிரிக் கொடி பிடித்தால், லைம்ஸ்டோன்காரரின் பயத்தை நான் நம்புவேன், மற்றவரிடம் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்வேன். லைம்ஸ்டோன்காரர் கேட்பது நியாயமானதும்கூட. ஆனால் அதற்குப் பெயர் வேலைவாய்ப்புத் திட்டம். அந்தப் பெயரில் கேட்டால் காங்கிரஸ் தராது என்பதால் குண்டுவீச்சு விமானத்தின் பெயரில் கேட்கிறார்.

நாட்டுப்பற்றுக்கும் ஓர் எல்லை உண்டு, அது காது. வர்ஜீனியா பீச்சில் ஓஷியானா கடற்படை விமானத் தளத்தைச் சுற்றி 'ஜெட் சத்தம் விடுதலையின் சத்தம்' என்று காரில் ஒட்டிக்கொண்டு போவார்கள். அதே ஊரில் சத்தத்துக்கு எதிராகச் சங்கமும் இருந்தது. 2005 ஆணையம் அந்த ஊருக்கு ஒரு குட்டு வைத்தது: விமானம் விழ வாய்ப்புள்ள பகுதியில் வீடுகளைக் கட்டவிட்டிருக்கிறீர்கள், அந்த இடங்களை வாங்கித் தடுக்காவிட்டால் ஜெட் விமானங்களை ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில்லுக்கு அனுப்பிவிடுவோம். ஜாக்சன்வில்லில் மூடப்பட்டிருந்த செசில் ஃபீல்டுக்கு யோகம் அடித்ததென்று நகராட்சி முதலில் துள்ளியது. குடியிருப்புகளிலிருந்து வந்த எதிர்ப்பைப் பார்த்ததும் பின்வாங்கியது. அவர்களும் அமெரிக்கர்கள்தானே?

ஒக்கினாவாவைக் குறை சொல்வதற்கு முன் இதையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 சதவீதம் அந்தத் தீவுகள். அமெரிக்கப் படை மட்டும் பயன்படுத்தும் இடங்களில் சுமார் 70 சதவீதம் அங்கே. தளம் போட்டபோது வேண்டுமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. பட்டியலைத் திருத்த ஆணையம் எதுவும் அவர்கள் ஊருக்கு வந்ததில்லை. 1972-ல் தீவு ஜப்பானிடம் திரும்பியபோது தள வருமானம் மாநில வருமானத்தில் 15 சதவீதம், இப்போது 5 சதவீதம் அளவில். நாஹா நகரில் திருப்பித் தந்த ராணுவக் குடியிருப்பு நிலத்தில் இன்று கடைவீதியும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. பிழைப்புக்கு வேறு வழி தெரிந்தவர்கள் 'போ' என்கிறார்கள், தெரியாதவர்கள் 'போகாதே' என்கிறார்கள்.

பீஸ் பற்றி இன்னொரு விஷயம், எந்த அட்டையிலும் எழுதாதது. 2014 மே மாதம் அந்த வளாகத்துக்குத் தண்ணீர் தந்த கிணறு ஒன்றை மூடினார்கள். தளம் இருந்த காலத்தில் தீயணைப்புப் பயிற்சிக்கு அடித்த நுரையிலிருந்து, எளிதில் சிதையாத பிஎஃப்ஏஎஸ் ரசாயனங்கள் நிலத்தடியில் இறங்கியிருந்தன. தளம் போய் 23 வருடம் ஆகியிருந்தது. வளாகத்திலிருந்த குழந்தைகள் காப்பகத்தில் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதியுங்கள் என்று அதிகாரிகளை விடாமல் நச்சரித்தவர்கள் அங்கிருந்த தாய்மார்கள். அவர்களும் குழு அமைத்துத்தான் போராடினார்கள்.

சரி, அண்ணன் டி-சர்ட் போட்டுக்கொள்ளட்டும், அவர் வீட்டு அடுப்பு எரிவதும் அந்தத் தளத்தால்தானோ என்னவோ. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, தளத்தைச் சுற்றியுள்ள குடிநீர்க் கிணறுகளைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று மட்டும் எழுந்து நின்று கேட்டுவரச் சொல்லுங்கள்.