கடல்நீர்த் தொட்டியில் மீன் மாறி நடந்தால்: கேள்வி பதில்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் கேட்ட கேள்விகளும், மண்டபத்தில் பல்லாண்டுகளாக இம்மீன்களை வளர்த்துவரும் ஒருவர் அவற்றுக்கு எழுதிய பதில்களும் இங்கே தரப்படுகின்றன.

கேள்வி (மண்டபம், கல்லூரி மாணவர்): ஐயா, மூன்று நாள்களுக்கு முன் வாங்கிய இரண்டு கோமாளி மீன்களில் ஒன்று நேற்றிலிருந்து இரை எடுக்கவில்லை. பவர்ஹெட்டிலிருந்து (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) நீர் பாயும் இடத்தில், அந்த ஓட்டத்தை எதிர்த்தபடி நகராமல் நிற்கிறது. உடலில் புள்ளி ஒன்றுகூட இல்லை. வெள்ளைப்புள்ளி நோய்க்கான மருந்தை ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். முதலில் செவுளைப் பாருங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, பதினைந்து விநாடிகளில் செவுள்மூடி எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணி, அதை நான்கால் பெருக்குங்கள். பிறகு நலமாக இருக்கும் மற்ற மீனுக்கும் அவ்வாறே எண்ணி, இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டுமே வேகமாக மூச்சு வாங்கினால் முதலில் நீரைச் சந்தேகிக்க வேண்டும். ஒன்று மட்டும் வாங்கினால் மீனைச் சந்தேகிக்க வேண்டும். நீரைச் சோதிக்க அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று போதும். கடல்நீரின் பி.ஹெச். 8.2-ஐ ஒட்டி இருப்பதால், நன்னீர்த் தொட்டியில் பெரிதாகத் தீங்கு செய்யாத அம்மோனியா அளவுகூட இங்கே செவுளைச் சுட்டுவிடும்.

நீரில் குற்றமில்லை என்றால், நீங்கள் சொல்லும் நடத்தை வெல்வெட் நோயை நினைவூட்டுகிறது. அந்த ஒட்டுண்ணி பெரும்பாலும் முதலில் செவுளில்தான் குடியேறும். மூச்சுத் திணறும் மீன், உயிர்வளி மிகுந்த நீர் நேராகச் செவுளுக்குள் வரட்டும் என்றுதான் ஓட்டத்தை எதிர்த்து நிற்கிறது. இரை மறுப்பதும் வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குவதும் இதனுடன் சேர்ந்து வரும். தோலில் பொன் தூள் தூவியதுபோன்ற படலம் தெரியும் நேரத்தில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத தூசி அப்போது தெரியும்.

கோமாளி மீனில் இன்னொரு நோயையும் மறந்துவிடக் கூடாது. புருக்ளினெல்லா என்னும் ஒட்டுண்ணி தாக்கினால் தோலிலிருந்து வெண்மையான வழுவழுப்பு தகடு தகடாக உரியும். அதற்குத் தாமிர மருந்து வேலை செய்யாது, ஃபார்மலின் குளியல்தான் வேண்டும். வெல்வெட்டுக்கோ தாமிரம் வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் கைக்குக் கிடைத்த மருந்தை ஊற்றுவதால் இறக்கும் மீன்கள், நோயால் இறக்கும் மீன்களைவிடக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை.

வெல்வெட் என்று முடிவானால் இன்றிரவே இரண்டு மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அத்தொட்டியில் மணலும் பவளக்கல்லும் இருக்கலாகாது. அவை தாமிரத்தை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் ஒரு குமிழ்க்கல்லும் போதும். சாதாரணத் தாமிர மருந்தென்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை தாமிரம் இருக்கும்படி நாள்தோறும் அளந்து, குறைந்தது இரண்டு வாரமாவது நிலைநிறுத்த வேண்டும். அளவு குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் சாகும். ஆகவே தாமிரத்தை அளக்கும் கிட் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

கேள்வி (தங்கச்சிமடம்): மீனின் உடலில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. பூண்டுச் சாற்றில் ஊறிய இரை கொடுத்தேன். ஐந்தே நாளில் மறைந்தன. இரண்டு வாரம் கழித்து முன்னிலும் அதிகமாக வந்திருக்கின்றன. பூண்டின் அளவைக் கூட்டலாமா?

பதில்: பூண்டு எதையும் குணப்படுத்தவில்லை. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் சில நாள்கள் தங்கி, வயிறு நிறைந்ததும் தானாகவே உதிர்ந்து மணலிலும் கல்லிலும் கூடு கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் அது பலவாகப் பிரிந்து, பெரும்பாலும் இருட்டு நேரத்தில், நூற்றுக்கணக்கான குஞ்சுகளாக வெளியேறி மீனைத் தேடும். புள்ளி மறைந்த நாளில் நோய் மீனை விட்டுத் தொட்டிக்குள் இறங்கியது, அவ்வளவே. இரவில் மீன் மணலை ஒட்டி உறங்கும் தொட்டிகளில் மறுதாக்குதல் இவ்வளவு கடுமையாக இருப்பதற்கும் இதுவே காரணம். மீன்களையெல்லாம் வெளியே எடுத்து மருத்துவம் செய்யுங்கள். மூலத் தொட்டியை மீனின்றி 76 நாள்கள் விட்டுவைப்பது நெடுநாள் வளர்ப்போர் பின்பற்றும் கணக்கு. நீண்ட காலம்தான், ஆனால் 40 நாளில் பொறுமையிழந்து மீனை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியவன் நான்.

கேள்வி (பாம்பன்): சென்ற செப்டம்பரில் தென்கடலிலிருந்து (மன்னார் வளைகுடா) எடுத்துவந்த நீரை மாற்றிய அன்றிரவே எல்லா மீன்களும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நீர் இலேசாகப் பச்சையாக இருந்தது.

பதில்: அது பூங்கோரை கலந்த நீராக இருக்கலாம். நாக்டிலூக்கா என்னும் அந்த நுண்ணுயிர் தன் உடலுக்குள் அம்மோனியாவைச் சேர்த்துவைத்திருக்கும். வாளியிலும் மோட்டாரிலும் சிதையும்போது அது நீரில் கலக்கும், அழுகும்போது உயிர்வளியையும் தீர்த்துவிடும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் அது படர்ந்தபோது மீன்கள் செத்துக் கரை ஒதுங்கியதை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லா மீன்களும் ஒரே நேரத்தில், ஒரே விதமாக நடந்தால் அது தொற்றுநோயாக இருப்பது அரிது. நீரின் நிறமோ வாடையோ மாறியிருக்கும் நாளில் கடற்கரைக்குக் குடத்தை எடுத்துச் செல்லாதீர்கள். எடுத்த நல்ல நீரையும் இரண்டு நாள் தெளியவைத்து, சோதித்த பிறகே சேருங்கள்.

கேள்வி (தேவிபட்டினம்): கார்த்திகை மழைக்குப் பின் வடகடல் நீரை நிரப்பிய தொட்டியில், வெளியூரில் வாங்கிய மீன்களை விட்டேன். அடித்தரையில் கிடந்து துடுப்பை மட்டும் அசைக்கின்றன.

பதில்: வடகிழக்குப் பருவமழையில் பாக் நீரிணைப் பக்கத்து நீரின் உவர்ப்பு குறைந்துவிடும். மீன் வந்த பையின் நீரையும் தொட்டி நீரையும் உவர்ப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் தனித்தனியே பாருங்கள். உவர்ப்பு சட்டென்று குறைவதை மீன் ஓரளவு தாங்கும். சட்டென்று கூடுவதைத் தாங்காது. ஆகவே தொட்டியைச் சரிசெய்யும்போது ஒரே நாளில் உப்பைக் கொட்டிவிடாமல், அக்கருவி காட்டும் அடர்த்தி எண் (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) நாளொன்றுக்கு 0.001 முதல் 0.002 வரை மட்டும் உயரும்படி ஏற்றுங்கள்.

கேள்வி (கீழக்கரை): எங்கள் கிளாத்தி இரவில் கல்லிடுக்கில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறது. விளக்கைப் போட்டால் நிறம் மங்கித் தெரிகிறது. இறக்கப்போகிறதா?

பதில்: உறங்குகிறது. முதுகு முள்ளை நிமிர்த்திக் கல்லில் பூட்டிக்கொண்டு சாய்ந்து உறங்குவது அதன் இயல்பு. பல கடல்மீன்கள் இரவில் வெளிறும். காலையில் இரைக்கு ஓடிவந்தால் கவலை வேண்டாம். விளக்கை அணைத்துவிடுங்கள்.

கேள்வி (ஏர்வாடி): மீன் அடிக்கடி கல்லில் உடம்பை உரசுகிறது, ஒரு கண் மங்கலாகிவிட்டது. நன்னீரில் முக்கச் சொல்கிறார்கள். கடல்மீன் நன்னீரில் செத்துவிடாதா?

பதில்: மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை பெரும்பாலான மீன்கள் தாங்கும். கண்ணாடிபோல் நிறமற்றிருக்கும் தட்டைப்புழுக்கள் தோலிலும் கண்ணிலும் ஒட்டியிருந்தால், நன்னீர் பட்டதும் வெளுத்து உதிரும். பாத்திரத்தின் அடியில் எள்ளளவு வெள்ளைத் துணுக்குகள் கிடந்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிடும். எனவே இக்குளியல் மருத்துவமாக இருப்பதோடு சோதனையாகவும் பயன்படுகிறது. கறுப்புப் பாத்திரமானால் துணுக்குகள் எளிதில் தெரியும். நம் பகுதிக்கு வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருப்பதால் அதை ஒரு நாள் முழுவதும் காற்றேற்றி வையுங்கள்; சிட்டிகை சிட்டிகையாகச் சமையல் சோடா சேர்த்து, பி.ஹெச். அளவும் வெப்பமும் தொட்டி நீருக்கு இணையாக வந்த பிறகே மீனை விடுங்கள். மீன் நிலைகுலைந்து சாய்ந்துகொண்டே போனால் நேரம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள். முட்டைகள் தொட்டியில் இருக்கும் என்பதால், குளியலோடு நிறுத்தாமல் பிராசிகுவாண்டல் மருந்தை ஒரு வார இடைவெளியில் இருமுறை கொடுக்க வேண்டும்.

கேள்வி (தொண்டி): வலையில் வந்த கடற்குதிரையைத் தொட்டியில் விட்டோம். வால் மேலாக மிதக்கிறது.

பதில்: அதன் உடலில் வாயு சேர்ந்திருக்கலாம்; ஆனால் மருத்துவம் சொல்ல மாட்டேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு கடற்குதிரை சேர்க்கப்பட்டது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். உடனே வனத்துறையினரிடம் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

கேள்வி (இராமேசுவரம்): இறந்த மீனைக் கொண்டு காரணத்தை அறிய முடியுமா?

பதில்: முடியும், தாமதிக்காவிட்டால். மீன் இறந்ததும் ஒட்டுண்ணிகளில் பல அதை விட்டு விலகத் தொடங்கிவிடும். செவுளின் ஓரிழையை வெட்டி, தொட்டி நீரின் ஒரு துளியில் வைத்து, பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியில் பார்த்தாலே வெல்வெட்டும் புழுவும் தெரியும். உடனே பார்க்க இயலாவிட்டால் மீனைப் பையில் இட்டு ஐஸ்கட்டிமேல் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்து உருகிய செவுளில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.