வங்கிப் பரிவர்த்தனைகளைச் செயலியில் ஏற்றுவது: கேள்வி பதில்

வங்கிக் கணக்கின் பரிவர்த்தனைகளை வரவு செலவுச் செயலிக்குள் கொண்டுவருவது குறித்து இன்று மாலை முழுவதும் பதில் சொல்கிறேன். கேட்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். கோப்பை ஏற்றி முடித்ததும் செயலி காட்டும் இருப்பும், அதே தேதிக்கு வங்கி காட்டும் இருப்பும் ஒன்றாக இருக்கின்றனவா? யார் எதைக் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்கப்போவது அதைத்தான்.

மரங்கொத்தி: என் வங்கி ஓஎஃப்எக்ஸ், சிஎஸ்வி, கியூஐஎஃப், பிடிஎஃப் என நான்கு வகையில் அறிக்கை தருகிறது. எதை எடுப்பது?

பதில்: ஓஎஃப்எக்ஸ் கிடைத்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ ஆகிய மூன்று நிறுவனங்கள் 1997இல் அறிவித்த வடிவம் அது. நிதித் தகவலைப் பரிமாறுவதற்காகவே உருவானது என்பது உள்ளே திறந்து பார்த்தால் தெரியும். தேதி எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கி கொடுத்த தனி அடையாள எண் இருக்கும். அதே கோப்பை மறுபடி ஏற்றினாலும், அந்த எண்ணைப் பார்த்துச் செயலி பழைய வரிகளை ஒதுக்கிவிடும். கணக்கின் இருப்பும் கோப்பிலேயே வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: சில வங்கிகள் பதிவிறக்கும் ஒவ்வொரு முறையும் அடையாள எண்ணைப் புதிதாகக் கொடுக்கின்றன. ஒரே மாதத்தை இரண்டு முறை இறக்கி, எண்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுவிடுங்கள்.

அடுத்தது சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை அட்டவணை. இதற்கு 2005இல் ஆர்எஃப்சி 4180 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் வந்தது. காற்புள்ளியை எங்கே போடுவது, மேற்கோள்குறியை எப்படிக் கையாள்வது என்பதை அது சொல்கிறது. தேதியை எப்படி எழுதுவது, செலவுக்குக் கழித்தல் குறி போடுவதா என்பதைச் சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு வங்கியும் தன் விருப்பப்படி எழுதுகிறது. பற்றுக்கும் வரவுக்கும் தனித்தனி நெடுவரிசை வைப்பவர்கள் உண்டு. ஒரே நெடுவரிசையில் கழித்தல் குறியை எண்ணுக்குப் பின்னால் போடுபவர்களும் உண்டு.

குவிக்கன் என்ற கணக்கு மென்பொருளின் பழைய வடிவமான கியூஐஎஃப்பில் அடையாள எண் கிடையாது, தேதியிலும் தெளிவில்லை. மற்ற இரண்டும் இல்லாவிட்டால் எடுங்கள். பிடிஎஃப்பைச் சரிபார்ப்பதற்காகப் பத்திரப்படுத்துங்கள்.

தூக்கணாங்குருவி: ஏப்ரல் 3ஆம் தேதிச் செலவு மார்ச் 4இல் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மாதக் கடைசிச் செலவுகள் சரியாக இருக்கின்றன.

பதில்: 03/04 என்பதை எந்தப் பக்கமிருந்தும் படிக்கலாம். 25/04 என்பதை ஒரு விதமாக மட்டுமே படிக்க முடியும். உங்கள் செயலி வரிவரியாக ஊகித்திருக்கிறது. அதனால் 12ஆம் தேதி வரை நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன, 13இலிருந்து எல்லாம் சரி. முழுவதும் தவறாக வந்திருந்தால் உடனே கவனித்திருப்பீர்கள். பாதி சரியாக இருப்பதுதான் ஆபத்து. கையால் திருத்த உட்காராதீர்கள். அந்த ஏற்றத்தை மொத்தமாக நீக்கிவிட்டு, தேதி வடிவத்தை நீங்களே குறிப்பிட்டு மீண்டும் ஏற்றுங்கள். ஆண்டை முதலில் எழுதும் வடிவத்தை வங்கி தந்தால் எப்போதும் அதையே தேர்ந்தெடுங்கள்.

கடற்காகம்: பரிவர்த்தனை எண்களின் கடைசி இலக்கங்கள் எல்லாம் பூஜ்யமாகிவிட்டன. வங்கி அப்படித்தான் தருமா?

பதில்: இல்லை. கோப்பை எக்செலில் திறந்து சேமித்திருக்கிறீர்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் உள்ளவை பூஜ்யமாகும். எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் உதிரும். தேதிகள் உங்கள் கணினியின் அமைப்புக்கு ஏற்ப மாறும். யூனிகோடு அல்லாத குறியாக்கத்தில் (எழுத்துகளைச் சேமிக்கும் முறையில்) சேமித்தால் தமிழ் எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாகும். எக்செலின் பல பதிப்புகள் இவற்றுக்கு உங்களிடம் அனுமதி கேட்பதில்லை. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் சாதாரண உரைத் திருத்தியில் திறங்கள். வங்கியிலிருந்து வந்த கோப்பைத் தொடாமல் ஒரு தனி அடைவில் வையுங்கள். ஏற்றுவதற்கு அதன் நகலைப் பயன்படுத்துங்கள்.

புல்லாங்குழல்: எந்தச் செயலி சிறந்தது?

பதில்: பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் தரவு முழுவதையும் வெளியே எடுக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். 2007இல் தொடங்கி, பெருங்கூட்டத்தைச் சேர்த்த மின்ட் என்ற வரவு செலவுச் சேவையை 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

மழைத்துளி: கடன் அட்டைக்குக் கட்டிய தொகை ஒரு செலவாக வருகிறது. அட்டையில் வாங்கிய பொருள்கள் தனியாகச் செலவில் வருகின்றன. மாதச் செலவு இரட்டிப்பாகத் தெரிகிறது.

பதில்: அட்டைக்குக் கட்டுவது செலவு அல்ல. உங்கள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் நகர்கிறது, அவ்வளவுதான். பொருளை வாங்கிய அன்றே செலவு நடந்துவிட்டது. வங்கிக் கோப்பில் 8,000 வெளியே போன வரி இருக்கும். அட்டைக் கோப்பில் 8,000 உள்ளே வந்த வரி இருக்கும். இரண்டையும் ஒரே கணக்குமாற்றமாக இணைக்க வேண்டும். இரண்டு பக்கமும் தேதி ஓரிரு நாள் வேறுபடும் என்பதால் செயலி தானாக இணைக்கத் தவறலாம். அப்போது கையால் இணையுங்கள். எரிச்சலில் ஒரு வரியை அழித்துவிடாதீர்கள். அழித்தால் அந்தக் கணக்கின் இருப்பு அன்றிலிருந்து ஒத்துப்போகாது.

ரொக்கம் எடுப்பதும் இப்படித்தான். கடன் தவணையில் அசல் கணக்குமாற்றம், வட்டி செலவு.

இரவாடி: தேதிகள் தாறுமாறாக வருகின்றன. என்ன செய்வது?

பதில்: தூக்கணாங்குருவிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கணக்காயர்: வங்கி சிஎஸ்வி மட்டுமே தருகிறது. தேதி, தொகை, விளக்கம் மூன்றும் ஒன்றாக இருந்தால் இரட்டைப் பதிவு என்று நீக்கும் சிறு நிரலை எழுதி வைத்திருக்கிறேன். நன்றாக வேலை செய்கிறது.

பதில்: நன்றாக வேலை செய்கிறது என்பதை எப்படி அறிந்தீர்கள்? காலையில் ஒரு பயணம், மாலையில் அதே கட்டணத்தில் இன்னொரு பயணம். மூன்று விவரங்களும் ஒன்றே, செலவுகள் இரண்டு. உங்கள் நிரல் ஒன்றைத் தின்றுவிடும்.

கணக்காயர்: அப்படியானால் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பிந்தைய இருப்பையும் சேர்த்து ஒப்பிடலாமே? இரண்டு பயணங்களுக்குப் பிறகும் இருப்பு வேறு வேறாகத்தானே இருக்கும்.

வெட்டுக்கிளி: என் வங்கி ஒரே நாளின் பரிவர்த்தனைகளை இரண்டு நாள் கழித்து வரிசை மாற்றுகிறது. அப்போது ஒவ்வொரு வரியின் இருப்பும் மாறிவிடும். எல்லாம் புதியவையாகத் தெரிந்து மறுபடி உள்ளே வரும்.

கணக்காயர்: அது உங்கள் வங்கியின் கோளாறு. இதற்குத்தான் கையால் எழுதுபவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

பதில்: வெட்டுக்கிளி சொல்வது பல வங்கிகளில் நடக்கிறது. கையால் எழுதுவது நல்ல பழக்கம்தான். ஆனால் மறந்துபோன செலவை அது காட்டிக்கொடுக்காது. இரட்டைப் பதிவுக்கு நான் நம்பும் வழி எண்ணிக்கை. கோப்பை முழு நாள்களாக இறக்குங்கள். தேதி, தொகை, விளக்கம் ஒன்றாக உள்ள வரிகள் கோப்பில் எத்தனை, அந்த நாளுக்குச் செயலியில் எத்தனை என்று எண்ணுங்கள். கோப்பில் இரண்டு, செயலியில் ஒன்று என்றால் ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். வரிசை மாறினாலும் இந்த எண்ணிக்கை மாறாது.

வெட்டுக்கிளி: விளக்கம் மாறினால்?

பதில்: மாறும். நிலுவையில் இருக்கும்போது ஒரு விளக்கமும், முடிவான பிறகு வேறொரு விளக்கமும் வருவது சகஜம். தங்கும் விடுதியும் எரிபொருள் நிலையமும் முதலில் ஒரு தொகையை நிறுத்திவைத்துப் பிறகு வேறு தொகையை எடுக்கும். ஆகவே நிலுவை வரிகளை ஏற்றவே ஏற்றாதீர்கள். முடிவானவை மட்டும் போதும். ஓரிரு நாள் தாமதத்தால் யாருடைய திட்டமும் கெடாது. கணக்காயர், உங்கள் நிரலை விட்டுவிடச் சொல்லவில்லை. மூன்று மாதக் கோப்புகளை அதில் ஓட்டி, இறுதி இருப்பு ஒத்துப்போகிறதா என்று வந்து சொல்லுங்கள்.

பனித்துளி: கோப்பெல்லாம் சிரமம். ஒரு செயலி என் வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கிறது, தானே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுமாம்.

பதில்: கொடுக்காதீர்கள். வங்கியின் சொந்தப் பக்கத்துக்கு அனுப்பி, அங்கே நீங்கள் நுழைந்து, பார்க்க மட்டும் அனுமதி தந்து, வேண்டாதபோது திரும்பப் பெறக்கூடிய இணைப்பு வேறு. அதை ஏற்கலாம். செயலியின் திரையிலேயே கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு உங்களைப்போல் நுழைவது வேறு. கடவுச்சொல் வைத்திருப்பவரால் பார்க்கவும் முடியும், பணம் அனுப்ப முயலவும் முடியும். சிரமம் குறைகிறது என்பதற்காக அதைத் தர வேண்டாம்.

ஊர்க்குருவி: எக்செலில் திறந்து தேவையற்ற நெடுவரிசைகளை நீக்கிவிட்டு ஏற்றலாமா?

பதில்: கூடாது. கடற்காகத்துக்கு இதையேதான் சொன்னேன். நெடுவரிசைகளைத் தவிர்க்கும் வசதி செயலியின் ஏற்றத் திரையிலேயே இருக்கும்.

நெய்தல்: வகைப்பாட்டைத் தானாகச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். நூகேஷ் போன்ற கணக்குச் செயலிகள் நீங்கள் முன்பு ஒதுக்கியதைப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. விதி எழுதுவதானால் விளக்கத்தில் மாறாத பகுதியை மட்டும் எடுங்கள். வால்பகுதியில் தேதியும் குறிப்பெண்ணும் இருக்கும், அவை ஒவ்வொரு முறையும் மாறும்.

ஆலமரம்: எத்தனை ஆண்டுகள் பின்னோக்கி ஏற்றுவது? வருமான வரிக்கு உதவுமா?

பதில்: இந்த மாதத் தொடக்கத்து இருப்பை ஆரம்ப இருப்பாக வைத்துத் தொடங்குங்கள். பழையதை ஆசையிருந்தால் பிறகு பார்க்கலாம். வரிக் கேள்வியைக் கணக்காளரிடம் கேளுங்கள்.

கணக்காயர்: ஓட்டிவிட்டேன். செயலியின் இருப்பு 240 கூடுதலாக இருக்கிறது. எங்கே தேடுவது?

பதில்: முதலில் சரியாக 240க்கு ஒரு செலவு வங்கி அறிக்கையில் இருந்து, செயலியில் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து அதன் பாதி, 120. செலவான 120 வரவாக ஏறியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகும். இரண்டும் இல்லையென்றால் மூன்று மாதத்தின் நடுவில் ஒரு தேதியை எடுத்து இரண்டு இருப்புகளையும் ஒப்பிடுங்கள். அங்கே ஒத்துப்போனால் பிழை பின்பாதியில், இல்லையென்றால் முன்பாதியில். அந்தப் பாதியையும் இரண்டாகப் பிரியுங்கள். சீக்கிரமே ஒரே நாளுக்கு வந்துவிடுவீர்கள்.

கணக்காயர்: 120 இரண்டு முறை விட்டுப்போயிருக்கிறது. ஒரே நாளில், ஒரே விளக்கத்தோடு மூன்று வரிகள் கோப்பில் இருக்கின்றன, செயலியில் ஒன்றுதான்.

பதில்: விட்டுப்போன இரண்டையும் சேர்த்துவிட்டு, நிரலில் எண்ணிக்கை முறையை எழுதுங்கள். பிறகு அதே மூன்று மாதங்களைப் புதிய கணக்கில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.