செங்யூவ மாத்திச் சொன்னா புரியுமா?

தம்பி, சீனாவுல குவாங்சோ வந்து மூணு மாசம் ஆச்சு, செங்யூன்னு சொல்ற அந்த நாலெழுத்துச் சீன மரபுத்தொடர்ல ஒரு எழுத்து மாறிட்டா எதிர்ல இருக்கவங்களுக்குப் புரியுமான்னு கேட்டிருக்கீங்க, கூடவே ரூம் வாடகை, மளிகை எல்லாம். வாடகைய அங்க இருக்க பசங்களே சொல்லிடுவாங்க, நான் செங்யூக்கு வர்றேன், அதுல நான் பட்டிருக்கேன்.

நீங்க மாத்திச் சொன்னாலும் அவங்களுக்குப் புரிஞ்சிடும். பாம்ப வரைஞ்சு அதுக்குக் காலும் போட்டானாம், வேண்டாத வேலைன்னு அர்த்தம், "ஹுவா ஷ தியன் ட்சூ". வந்த புதுசுல ஜோங்டா துணி மார்க்கெட்ல ஒரு லேஸ் கடை அக்காகிட்ட, கடைசி எழுத்துக்குப் பதிலா சாதாரண பேச்சுல காலுக்குச் சொல்ற "ஜியாவ்"வப் போட்டுட்டேன். கால்குலேட்டர்ல இருந்து தலைய நிமிர்த்தாமலே "ட்சூ"ன்னு திருத்திட்டு விலையச் சொன்னாங்க, அவ்ளோதான்.

ஆபத்து அவங்க சொல்றத நாம புரிஞ்சிக்கறதுலதான். "ச்சா ச்சியாங் ரென் யீ"ன்னு ஒண்ணு. டிக்‌ஷனரில ஓரளவு திருப்தின்னு இருக்கும், ஆனா முதல் எழுத்துக்கு மட்டம்னும் அர்த்தம் இருக்கறதால சீனாக்காரங்கள்லயே நிறைய பேர் திருப்தி இல்லைன்னுதான் அதச் சொல்றாங்க. சாயம் போடற இடத்துல இருந்து எனக்கு இப்படி மெசேஜ் வந்துச்சு, டிக்‌ஷனரிய நம்பி சரக்க ஏத்தச் சொல்லிட்டேன், திருப்பூர்ல பிரிச்சா ரோலுக்கு ஒரு கலர். அந்த நஷ்டத்த அடைக்க ஒரு வருஷம் ஆச்சு. அதனால ஆர்டர் பேச்சுல செங்யூ வந்தா நல்லாருக்கா இல்லையான்னு நேராக் கேட்டுடுங்க. நம்மாளுங்க பத்து வருஷம் இருந்தும் விலை கேக்கறதுக்கு மேல கத்துக்காம, மொழிபெயர்க்கச் சொல்லி போன நீட்டிட்டு நிக்கறாங்க, எனக்கு அது ஆகவே ஆகாது.

வேணும்னே மாத்தறது வேற கதை. பேர் வெளிய தெரியாம இருக்கறதுக்கு "மோ மோ வூ வென்"னு சொல்வாங்க, கொசு மருந்து விளம்பரத்துல கடைசி எழுத்த எடுத்துட்டு அதே சத்தம் வர்ற கொசு எழுத்தப் போட்டுட்டாங்க, காதுல கேட்டா வித்தியாசமே தெரியாது. பிள்ளைங்க தப்பா கத்துக்கும்னு 2014 நவம்பர்ல டிவி, ரேடியோவுல இந்த மாதிரி மாத்தக்கூடாதுன்னு அரசாங்கமே உத்தரவு போட்டுச்சு. பேச்சு மட்டும் போதும்னு இருக்காதீங்க, எழுத்தும் படிங்க.

அந்த லேஸ் கடை அக்காகிட்ட வியாபாரம் எப்படின்னு கேட்டா "அக்கா பையன் லாந்தர் பிடிக்கறான்"னு நிறுத்திடுவாங்க. இது செங்யூ இல்ல, முதல் பாதியச் சொல்லிட்டு மீதிய கேக்கறவங்களுக்கு விட்டுடற சொலவடை. மீதி "ஜாவ் ஜியூ", தாய்மாமனுக்கு வெளிச்சம் காட்டறான், அதே சத்தத்துல எப்பவும் போலன்னும் அர்த்தம். மாமன்ல தாய்மாமனுக்குத் தனிப்பேர் வச்சிருக்கற நமக்கு அது உடனே பிடிபட்டுச்சு. இப்ப கடைய மூடிட்டு ஊருக்குப் போயிட்டாங்க, எப்படி இருக்கீங்கன்னு வீசாட்ல கேட்டா லாந்தர் வரைக்கும்தான் அனுப்புவாங்க, மீதிய நான் அனுப்புவேன்.