விலை குறைந்த சீவுளி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஓய்வு நேரத்தில் வீட்டுக்குப் புத்தகத் தட்டும் சிறு மேசையும் செய்யப் பழகி வருகிறேன். கொழும்பு பழைய சோனகத் தெருக் கடைகளில், மரம் இழைக்கும் கருவியான சீவுளிகளில் மலிவான புதிய இரும்புச் சீவுளிகளைப் பார்த்தேன். தெரிந்தவர் ஒருவர் துருவேறிய பழைய ஸ்டான்லி ஐந்தாம் இலக்கச் சீவுளியைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: வெடிப்பு இல்லையென்றால் பழையதையே வாங்குங்கள். அமெரிக்கக் கருவி வடிவமைப்பாளர் லியொனார்ட் பெய்லி வடிவமைத்த சீவுளிகளின் உரிமையை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் வாங்கியது. இன்றைய மலிவுச் சீவுளிகளும் அந்த அமைப்பையே பின்பற்றுவதால், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு வார்ப்பின் செம்மையிலும் அலகின் உருக்கிலும்தான் இருக்கிறது.

பார்க்கப் போகும்போது ஓர் உருக்கு அடிமட்டத்தைக் கையோடு கொண்டு செல்லுங்கள். சீவுளியைக் கவிழ்த்து, அடிமட்டத்தின் விளிம்பை அதன் அடிப்பாகத்தில் நீளவாக்கில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முன்முனை, வாயின் (அலகு வெளியே நீளும் பிளவின்) முன்விளிம்பு, பின்முனை ஆகிய மூன்றும் அடிமட்டத்தைத் தொட்டால் போதும். இடையில் சற்றுக் குழிவு இருந்தாலும் வேலை கெடாது. மேலோட்டமான துரு தேய்த்தால் போய்விடும். ஆனால் வாயின் மூலைகளில் மயிரிழை போன்ற வெடிப்புத் தெரிந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். அலகின் தட்டையான பக்கத்தில், வெட்டும் விளிம்பை ஒட்டித் துரு ஆழமாக அரித்திருந்தால், புது அலகுக்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் இலக்கம் ஏறத்தாழ 14 அங்குல நீளமும் 2 அங்குல அலகும் கொண்டது. பலகையை மட்டப்படுத்தவும் ஓரளவு மெருகாக்கவும் அது ஒன்றே போதும் என்பதால், மெருகாக்குவதற்கென்றே உள்ள, அதைவிடக் குட்டையான நான்காம் இலக்கத்தைப் பிறகு வாங்கலாம்.

மிஞ்சும் பணத்தை நல்ல சாணைக்கல்லுக்குச் செலவிடுங்கள், ஏனெனில் கூரில்லாத அலகு எந்த விலையுயர்ந்த சீவுளியிலும் மரத்தைப் பிய்க்கவே செய்யும். 1000 தரக் கல்லில் 25 முதல் 30 பாகைச் சரிவில் தீட்டி, அதைவிட நுண்ணிய கல்லில் முடியுங்கள். மகோகனியில் நார் திசைமாறி ஓடுமிடத்தில் மரம் பிய்ந்தால், அலகின் மேலுள்ள தகட்டை வெட்டும் விளிம்பிலிருந்து அரை மில்லிமீற்றருக்கும் குறைவான தூரத்துக்கு நகர்த்திப் பாருங்கள்.

கொழும்பின் உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் தையல் இயந்திர எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து வையுங்கள்.

புதியதைத்தான் வாங்க நேர்ந்தால், தடித்த கண்ணாடியில் 80 இலக்க சாண்ட் பேப்பரை ஒட்டி, அதில் அடிப்பாகத்தைத் தேயுங்கள். அப்போது அலகு உள்ளிழுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆயினும் வேலையின்போது இருப்பதுபோலவே இறுக்கி வையுங்கள், ஏனெனில் அந்த இறுக்கத்தில் அடிப்பாகம் சிறிது வளையக்கூடும்.