கரையும் ஸ்க்ரூவுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்குக் கபடி ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு (ஏ.சி.எல்.) அறுந்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குச் சொல்லியிருக்கிறார்கள். டைட்டானியம் ஸ்க்ரூ போட்டால் பின்னாளில் அதை எடுக்க இன்னோர் ஆபரேஷன் வேண்டியிருக்கும், எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது, ஆகவே எலும்புக்குள்ளேயே கரைந்துவிடும் ஸ்க்ரூவே நல்லது என்கிறார்கள். அதன் விலையோ பல மடங்கு. கடன் வாங்கியாவது அதைப் போடச் சொல்லலாமா, ஐயா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இதற்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. தங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு காரணங்களுமே வலுவானவை அல்ல. டைட்டானியம் ஸ்க்ரூ உறுத்தலோ தொற்றோ தராத வரையில் அதை வாழ்நாள் முழுவதும் அப்படியே விட்டுவிடுவதுதான் வழக்கம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது என்பதால் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கும் பொதுவாகத் தடையில்லை. ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் படத்தில் சற்று மங்கும்.

அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகத் தொடையின் பின்புறத்திலிருந்து எடுத்து வைக்கும் தசைநாரை எலும்பில் துளைத்த குழிக்குள் இறுக்கிப் பிடிப்பதே இந்த ஸ்க்ரூவின் வேலை. அந்த நார் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் முதல் சில மாதங்களுக்குத்தான் அந்தப் பிடி மிகவும் தேவை. பாலிலாக்டிக் அமிலத்தால் ஆன கரையும் ஸ்க்ரூ முழுவதும் கரையப் பல ஆண்டுகள் ஆகலாம், கரைந்த இடத்தில் எலும்பு முழுதாக வளரும் என்ற உறுதியும் இல்லை. இரண்டு வகையையும் ஒப்பிட்ட 12 ஆய்வுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டு வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, முழங்காலின் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும், முறுக்கும்போதே உடைவது உள்ளிட்ட தோல்விகள் கரையும் வகையில் கூடுதல் என்றும் கண்டது. அந்தச் சான்றுகளின் தரம் குறைவு என்பதையும் அதுவே குறிப்பிட்டிருக்கிறது. மறுபடி ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் உலோகத்தைவிடக் கரையும் பொருளைத் துளைத்துச் செல்வது எளிது என்பது அதன் உண்மையான அனுகூலம். தங்கள் மகனுக்கு அது பொருந்துமா என்பதை அறுவை செய்யும் மருத்துவரிடமே நேரில் கேளுங்கள்.

பணம் கட்டுமுன், எத்தனை ஸ்க்ரூ போடுவார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். தொடை எலும்பில் பட்டன் (நாரைத் தாங்கும் சிறு தகடு) வைத்துக் கட்டிவிட்டு, கீழ்க்கால் எலும்பில் மட்டும் ஒரு ஸ்க்ரூ போடுவது பரவலான முறை. அப்படியானால் இரண்டு ஸ்க்ரூவுக்குப் பில் வரக் கூடாது. ‘பீக்’ என்னும் பிளாஸ்டிக் ஸ்க்ரூ கரையாது. உலோகமில்லை என்ற ஒரே காரணத்தால் அதைக் கரையும் ஸ்க்ரூ என்று எண்ணிவிட வேண்டாம். உறையின்மேல் பொருளின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதி நாள், எம்.ஆர்.பி. ஆகியவை இருக்கும். அந்த ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவது வழக்கம். அதன் நகல் ஒன்றையும், ஸ்க்ரூவைத் தனியே காட்டும் பில்லையும் டிஸ்சார்ஜ் ஆகுமுன் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது சட்டவிரோதம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவிலும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மிச்சமாகும் தொகையைப் பிசியோதெரபிக்கு ஒதுக்குங்கள். மறுபடி கபடிக் களத்தில் இறங்க ஒன்பது மாதமோ அதற்கு மேலுமோ பயிற்சி வேண்டியிருக்கும், அந்தப் பயிற்சியை இடையில் விட்டவர்களுக்கு எந்த ஸ்க்ரூவும் கைகொடுக்காது.

கட்டணம் பெற்றுத் தரும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்திருக்கிறது. சொன்ன ஸ்க்ரூவுக்குப் பதில் வேறொன்றைப் போட்டிருந்தாலோ கூடுதல் விலை வாங்கியிருந்தாலோ முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.