தமிழ் விக்கிப்பீடியாவின் ஆலமரத்தடியில் எப்படிப் போய் உட்காருவது?

கேள்வி: எனக்கு வயது 61. திருவண்ணாமலை மாவட்டத்தில் அரசுப் பள்ளித் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரையில் ஏரியின் பெயர் தவறாக இருக்கிறது. திருத்தலாம் என்று போய், மேலே ‘உரையாடல்’ என்று இருந்ததை அழுத்தினேன். அங்கே யார் யாரோ பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எல்லோரும் ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள் போல. நடுவில் நான் போய்ப் பேசலாமா? உறுப்பினராக யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்? பணம் கட்ட வேண்டுமா? தெரியாமல் எதையாவது அழுத்திக் கெடுத்துவிட்டால் என்ன ஆகும்?

பதில்: ஐயா, விண்ணப்பமும் கிடையாது, கட்டணமும் கிடையாது. யாரும் உங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ஏரியின் பெயரைத் திருத்திய நிமிடத்திலிருந்து நீங்களும் அவர்களில் ஒருவர்தான்.

பெரும்பாலானவர்கள் வந்த வழியும் நீங்கள் வந்த வழியே. சொந்த ஊரைத் தேடுகிறோம், கட்டுரை வருகிறது, அதில் ஒரு பிழை கண்ணில் உறுத்துகிறது. நான் உள்ளே வந்ததே விடுபட்ட ஒரு ஒற்றெழுத்தால்தான். ஒரு ‘ப்’ சேர்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

அங்கே பேசிக்கொண்டிருப்பவர்கள் யார் என்று தெரிந்தால் உங்கள் தயக்கம் பாதி போய்விடும். தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் எழுதியவர். கனடாவில் உள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் என்ற அமைப்பின் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குத்தான் வழங்கப்பட்டது. 2017இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. எழுதுபவர்களில் பெரும்பாலானவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். தமிழகம், இலங்கை, வளைகுடா, கனடா என்று சிதறிக் கிடப்பவர்கள். வருடக்கணக்காகப் பேசிக்கொள்ளும் பலர் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததே கிடையாது. நீங்கள் பார்த்த நெருக்கம் சேர்ந்து வேலை செய்ததில் வந்தது. வேலை செய்தால் உங்களுக்கும் வரும்.

வேறொன்றையும் நினைவில் வையுங்கள். இங்கே நேரம் ஊர்ப் பேருந்து மாதிரிதான். ஒரு கேள்வி போட்டால் பத்து நிமிடத்தில் பதில் வரலாம், பத்து நாளும் ஆகலாம். சிறிய ஊர்க் கட்டுரையின் உரையாடல் பக்கத்தை யாரும் தினமும் எட்டிப் பார்ப்பதில்லை. பதில் வராவிட்டால் ஒதுக்குகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே கேள்வியை ‘ஒத்தாசைப் பக்கம்’ என்று தேடிப் போய் அங்கே கேளுங்கள். புதியவர்கள் கேட்பதற்காகவே வைத்திருக்கும் இடம் அது. எல்லோரும் கூடிப் பொதுவாகப் பேசும் இடத்துக்குப் பெயர் ‘ஆலமரத்தடி’. ஒரு மாதம் அங்கே சும்மா போய் வாசித்துவிட்டு வாருங்கள். யார் எதில் அக்கறையுள்ளவர், எந்த வழக்கு பேசித் தீர்ந்தது, எது இன்னும் தீராமல் கிடக்கிறது என்பதெல்லாம் புரிந்துவிடும்.

கணக்கு தொடங்குங்கள். ஒரு பெயரும் கடவுச்சொல்லும் போதும். மின்னஞ்சலையும் கொடுத்துவைத்தால் கடவுச்சொல் மறந்தாலும் கணக்கு கைவிட்டுப் போகாது. சொந்தப் பெயரோ புனைபெயரோ உங்கள் விருப்பம். ஆனால் பள்ளியின் பெயரையோ சங்கத்தின் பெயரையோ வைக்காதீர்கள். கணக்கு என்பது தனி ஆளுக்குரியது. நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அந்தப் பெயரில் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும். அதனால் தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் எங்கும் எழுதிவைக்க வேண்டாம். கொஞ்ச நாளில் உங்கள் கணக்குக்கென்று உள்ள பேச்சுப் பக்கத்தில் ‘வாருங்கள்’ என்று தொடங்கும் வரவேற்புச் செய்தி ஒன்று வரும். அதில் உள்ள இணைப்புகளைப் பொறுமையாகப் படியுங்கள்.

கெடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘வரலாறு’ உண்டு. யார், எந்த நாளில், எந்த மணிக்கு, எந்த எழுத்தை மாற்றினார் என்பது முதல் நாளிலிருந்து அங்கே இருக்கிறது. பக்கத்தையே வெறுமையாக்கிவிட்டால்கூட ஒரே அழுத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். கைப்பழக்கத்துக்கு ‘மணல்தொட்டி’ இருக்கிறது. நம் காலத்துப் பிள்ளைகள் மணலில் ‘அ’ எழுதிப் பழகியது போல அங்கே எழுதி அழித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் ஏரிக்கு வருவோம். ‘தொகு’ என்பதை அழுத்துவதற்கு முன்னால் வரலாற்றைத் திறந்து, அந்தப் பெயர் எப்போது, யாரால் வந்தது, பக்கத்தில் ஏதாவது சான்று இருக்கிறதா என்று பாருங்கள். சான்று இல்லாவிட்டால் உங்கள் வேலை எளிது. சான்று இருந்தால் உரையாடல் பக்கத்தில் எழுதிவிட்டுத் திருத்துவதே மரியாதை. பக்கத்தின் அடியில் புதுத் தலைப்பிட்டு இப்படி எழுதலாம்: “கட்டுரையில் ஏரியின் பெயர் பெரிய ஏரி என்று உள்ளது. ஊர் மக்கள் அப்படி அழைப்பது உண்டு. ஆனால் மாவட்ட நிர்வாக வெளியீட்டில் வேறு பெயர் இருக்கிறது. பக்க எண் கொடுத்துள்ளேன். மாற்றலாமா?” எழுதி முடித்து நான்கு அலைக்குறிகளை இடுங்கள் (~~~~). சேமித்ததும் அது உங்கள் பெயராகவும் நேரமாகவும் மாறிவிடும். கையெழுத்தில்லாத கடிதம் போல விட்டுவிட்டால் பேசியது யார் என்றே தெரியாது. பதில் சொல்பவர் ‘விருப்பம்’ என்று ஒரு கட்டைவிரல் குறி போட்டால் அவருக்கு அது உடன்பாடு என்று பொருள். திருத்திய பிறகு, சேமிப்பதற்கு முன், கீழே உள்ள சுருக்கப் பெட்டியில் ‘ஏரியின் பெயர் திருத்தம், சான்றுடன்’ என்று நாலு சொல் எழுதுங்கள். புதியவர்கள் இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பின்னால் வந்து சரிபார்ப்பவருக்கு உங்கள் நோக்கத்தைச் சொல்வது அந்த நாலு சொல்தான்.

உங்களைப் போன்றவர்களுக்கு மனம் நோகும் இடம் ஒன்று உண்டு. அதை முன்பே சொல்லிவிடுகிறேன். “நான் அந்த ஊரிலேயே பிறந்தவன், எனக்குத் தெரியாதா?” என்பது இங்கே சான்றாகாது. நீங்கள் சொல்வது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கனடாவிலிருந்து படிக்கும் ஒருவர் அதை எப்படிச் சரிபார்ப்பார்? அச்சில் வந்த நூல், நாளிதழ்ச் செய்தி, அரசு வெளியீடு, கல்வெட்டுத் தொகுதி என்று பிறர் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ‘சான்று தேவை’ என்ற குறிப்பு விழும், அல்லது உங்கள் மாற்றம் நீக்கப்பட்டுப் பழையபடியே ஆக்கப்படும். அப்படி நடந்தால் மறுபடி மறுபடி அதையே போடாதீர்கள். மாற்றியவரின் பேச்சுப் பக்கத்துக்குப் போய் “ஏன் நீக்கினீர்கள், என்ன சான்று கொடுத்தால் ஏற்பீர்கள்?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்டவர்கள் நிலைத்திருக்கிறார்கள். கோபித்துக்கொண்டு போனவர்களில் எத்தனையோ நல்ல தமிழறிந்தவர்களை இழந்திருக்கிறோம். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

தமிழாசிரியர் என்பதால் இன்னும் ஒன்று. ‘அவுஸ்திரேலியா’, ‘ரொறன்ரோ’ என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்ததும் சிவப்பு மையை எடுக்கக் கை துறுதுறுக்கும். எடுக்காதீர்கள். அவை பிழையல்ல, ஈழத்து எழுத்து வழக்கு. அவர்கள் ‘பாடசாலை’ என்பதை நாம் ‘பள்ளிக்கூடம்’ என்கிறோம். தமிழகத்துக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை இந்தக் கலைக்களஞ்சியத்தில் அவர்களுக்கும் உண்டு. ‘வழிமாற்று’ என்ற ஏற்பாடு இருப்பதால் ஒரு பெயரில் தேடினாலும் மற்றப் பெயரில் உள்ள கட்டுரைக்குப் போய்விடலாம். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சும் அப்படித்தான். பழைய உரையாடல்களைப் படிக்காமல் அதில் முதல் வாரமே தலையிட வேண்டாம்.

உங்களுக்கென்றே நான் சிபாரிசு செய்யும் இடம் ‘விக்கிமூலம்’. நூல்களை எழுத்தாக்கி வைக்கும், விக்கிப்பீடியாவின் உடன்பிறந்த தளம் அது. அதே கணக்கு அங்கேயும் செல்லும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கங்கள் ஒரு பக்கம் படமாகவும், கணினி படித்துக் கொடுத்த எழுத்து மறுபக்கமும் இருக்கும். கணினிக்குக் காலும் ‘ர’வும் ஒன்றாகத் தெரியும், ‘பாடம்’ என்பதை ‘பரடம்’ என்று கொடுக்கும். அதைப் பார்த்துத் திருத்துவதுதான் மெய்ப்புப் பணி. திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தது பச்சை. நீங்கள் மஞ்சளாக்கிய பக்கத்தை நீங்களே பச்சையாக்க முடியாது, வேறொருவர் வந்துதான் ஆகவேண்டும். அப்படி ஒரு நூலை முடிப்பதற்குள் நாலு பேர் உங்களுக்குப் பழக்கமாகிவிடுவார்கள். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கண்ணுக்கு ஒரு பக்கம் கால் மணி நேர வேலை. தட்டச்சு பழக்கமில்லை என்றால் கைப்பேசியில் பேசியே எழுதலாம். கணினியில் என்றால் தொகுக்கும் பெட்டியில் கன்ட்ரோல், எம் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் தமிழ் விசைப்பலகை வரும்.

ஏரியின் பெயருக்குச் சான்று கிடைக்க நாளாகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஊர்க் கட்டுரையில் ஏரியின் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே எடுத்து, படங்களுக்கான ‘பொதுவகம்’ என்ற தளத்தில் ஏற்றுங்கள். ஏற்றும்போது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று உரிமம் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே உங்கள் கையால் எடுத்த படமாக இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் வந்தது வேண்டாம். கார்த்திகை பிறந்து ஏரி நிறைந்ததும் காலை வெயிலில் கரையிலிருந்து எடுங்கள். மதகுப் பக்கம் பெயர்ப்பலகை இருந்தால் அதையும் தனியாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரையாடலில் காட்டுவதற்கு உதவும்.