எருக்குழியைப் பார்த்து ஏக்கரை முடிவு செய்யுங்கள்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் மூன்றரை ஏக்கர் நஞ்சை, இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகள் இருக்கின்றன. வரும் சம்பாவிலேயே முழுவதையும் இயற்கை விவசாயத்துக்கு மாற்ற ஆசை. ஜெர்சியை விற்றுவிட்டு நாட்டு மாடு வாங்க வேண்டுமா ஐயா?

பதில்: மாட்டை விற்காதீர்கள் தம்பி. மூன்றரை ஏக்கரையும் ஒரே போகத்தில் மாற்றவும் வேண்டாம். எவ்வளவு மாற்றலாம் என்பதை உங்கள் எருக்குழிதான் சொல்லும். இரண்டு மாடும் சேர்ந்து நாளுக்கு 25 கிலோ சாணம் போட்டால் வருஷத்துக்கு 9 டன். மக்கினால் பாதியாகிவிடும். மாடு கழித்த வைக்கோலையும் இலைதழையையும் சேர்த்தால் 5 டன் தேறும். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் என்பது பழைய கணக்கு. ஆக, ஒரு ஏக்கர். லோடு லோடாக எரு வாங்கிக் கொட்டினால் கையில் எதுவும் மிஞ்சாது.

அந்த ஒரு ஏக்கர் வாய்க்காலை ஒட்டி, தனி மடை உள்ளதாக இருக்கட்டும். நம் பக்கம் வயலுக்கு வயல் தண்ணீர் பாய்கிற வழக்கமாயிற்றே! மேல் வயல்காரர் யூரியா போட்ட மறுநாள் வரப்பை வெட்டிவிட்டால் அது உங்கள் வயலுக்குத்தான் வந்து சேரும். வடிகிற பக்கத்தைப் பற்றிக் கவலை இல்லை, வருகிற பக்கத்து வரப்பை மட்டும் அகலமாக, உயரமாக அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் வந்ததும் பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு 20 கிலோ விதைத்து, பூவெடுக்கும் சமயம், சுமார் 45 நாளில், மடக்கி உழுங்கள். ஒரு வாரம் அழுகட்டும். முதல் வருஷமே மாப்பிள்ளைச் சம்பா மாதிரிப் பாரம்பரிய நெல்லுக்கு ஆசைப்படாதீர்கள். யூரியாச் சத்து மிச்சமிருக்கிற மண்ணில் அது மளமளவென்று உயர்ந்து, மழைக்காற்றில் படுத்துவிடும். வழக்கமாக நடும் ரகமே போதும்.

அப்புறம், கோமியம். பல வீடுகளில் அது சாக்கடைக்குத்தான் போகிறது. கொட்டகைத் தரையைச் சற்றுச் சாய்வாக்கி, மூலையில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைப் புதைத்தால் காலையில் அள்ளிக்கொள்ளலாம். வயலுக்கு ஊற்றுகிற ஜீவாமிர்தக் கரைசலுக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் 2 கிலோ வீதம், ஒரு பிடி வயல் மண். நாட்டு மாட்டுச் சாணம்தான் உசத்தி என்பார்கள். உம்பளச்சேரிக் கன்று கிடைத்தால் வாங்கிக் கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் முதல் ஒன்றிரண்டு வருஷம் விளைச்சல் குறையும்போது வீட்டுச் செலவைத் தாங்கப்போவது ஜெர்சியின் பால் பணம்தான். அறுப்பு முடிந்ததும் வைக்கோலைக் கட்டு கட்டுகிற மெஷின்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள், மாட்டுக்கும் எருக்குழிக்கும் அது வேண்டும்.

கேள்வி: சான்றிதழ் எப்போது கிடைக்கும்? பாலுக்கும் வாங்கலாமா?

பதில்: ரசாயனத்தை நிறுத்திச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் மாற்றக் காலம் நெல், உளுந்துக்கு 2 வருஷம், தென்னை, மாமரத்துக்கு 3. ஏற்றுமதி எண்ணம் இருந்தால் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதியுங்கள். உள்ளூர் விற்பனைக்கு பிஜிஎஸ் போதும். குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்துச் சான்று சொல்கிற முறை அது. பாலுக்கு என்றால் தீவனமும் இயற்கையில் விளைந்ததாக இருக்க வேண்டும். சொசைட்டியில் எல்லார் பாலோடும் கலந்து ஊற்றுகிறவரை அந்தச் செலவு எதற்கு?